ஒரு கவுனுக்கு மூன்று பேர்

லெனோர் ஃபிஷ்பைன் தான் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக ஃபோனில் சொன்னபோது பெர்னடீன் உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். இருவருக்கும் எழுபது தாண்டிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. பெர்னடீன் கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"யாரோட?"

"சீமோரோட. உடற்பயிற்சி ரூம்ல எனக்கு எதிர்ல உட்கார்ந்து பந்தை அமுக்குவாரே, அவர்தான்."

"அந்த மூக்கு நீளமான ஆளா?"

"மூக்கு நீளம்தான். நீ அதை மட்டும்தான் பார்த்திருக்கே. ஞாயித்துக்கிழமை சாயங்காலம், எங்க கட்டிடத்துலயே, கீழ் ஹால்ல. வரும்போது பச்சைக் கவுனை எடுத்துட்டு வந்துடு."

பெர்னடீனின் கை நின்றது.

"என்னடி பேச்சைக் காணோம்? எனக்கு வேற எதுவும் ஆகாது. போன குளிர்காலத்துலேருந்து இந்த இடது கை எனக்குன்னு இல்ல. தலை வழியா மாட்டுற உடுப்பு எதுவும் போட முடியல. தலையணைக்கு உறை போடற மாதிரி ரெண்டு பேர் சேர்ந்து என்னைத் திணிக்கறாங்க. என் பொண்ணு ஒண்ணு வாங்கி அனுப்பியிருக்கா, முதுகுல ஒட்டற மாதிரி பட்டி வச்சது. அதைப் போட்டுட்டு நான் பந்தல்ல நின்னா ஆபரேஷனுக்குப் போறேன்னு நினைப்பாங்க. பச்சைக் கவுன்னா கையை விடு, சுத்து, கட்டு, அவ்வளவுதான். பக்கவாதம் ஒரு நல்லது பண்ணியிருக்கு, இளைச்சுட்டேன். நாடா இப்ப எட்டும். பத்திரமா வச்சிருக்கேல்ல?"

"இருக்குடி" என்றாள் பெர்னடீன்.

ஃபோனை வைத்த பிறகு அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கவுன் அவளிடம் இல்லை. போன மாதம்தான் அதைப் பையில் போட்டுக் கொடுத்திருந்தாள்.

அந்தக் கவுன் இருவருக்கும் பொதுவானது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் இருவரும் ஒரே இன்ஷூரன்ஸ் கம்பெனியில் டைப்பிஸ்டுகள். கிழக்கு எண்பத்திரண்டாம் தெருவில், லிஃப்ட் இல்லாத கட்டிடத்தின் உச்சியில், குளியல் தொட்டி அடுப்படிக்குள்ளேயே இருந்த ஒரு வீட்டில் சேர்ந்து குடியிருந்தார்கள். பெர்னடீன் ஸ்க்ராண்டனிலிருந்து வந்தவள், கொடிக்கம்பம் போல உயரம். லெனோர் ப்ரூக்ளின்காரி, குட்டை, எங்கும் உருண்டை. ஒருத்தியின் உடுப்பு இன்னொருத்திக்கு ஆகவே ஆகாது. அந்த வருஷம் ஊரே ஒரு டிசைனரின் சுற்றிக் கட்டும் கவுனுக்குப் பைத்தியமாக இருந்தது. பொத்தான் கிடையாது, ஜிப் கிடையாது. முன்பக்கத் துணி ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து வரும். நாடாவை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து முடிச்சுப் போட்டால் தீர்ந்தது. கடையில் தள்ளுபடி விற்பனையன்று கடைசியாகத் தொங்கிய ஒன்றை ஒரே நேரத்தில் இருவரும் பிடித்தார்கள். பச்சையில் வெள்ளைக் கிளைகள் ஓடும் வழவழப்பான ஜெர்சித் துணி. பெர்னடீன் போட்டுப் பார்த்தாள், முழங்காலில் நின்றது. லெனோர் போட்டுப் பார்த்தாள், கெண்டைக்கால் வரை இறங்கியது. இரண்டு பேரையுமே அது அளவெடுத்துத் தைத்தது போலப் பிடித்துக்கொண்டது. கடைக்காரி, "அக்கா தங்கச்சியா?" என்று கேட்டாள். கூட்டாக வாங்கிவிட்டார்கள்.

அதைப் போட்டுக்கொண்டுதான் பெர்னடீன் வால்டரோடு முதல் தடவை சாப்பிடப் போனாள். அதைப் போட்டுக்கொண்டுதான் லெனோர் விளம்பரக் கம்பெனி நேர்முகத்துக்குப் போய், டைப் அடிக்கும் பிழைப்பிலிருந்து தப்பினாள். கல்யாணங்கள் ஆகி வெவ்வேறு இடங்களுக்குப் போன பிறகும் கவுன் அவர்களிடையே அட்டைப்பெட்டியில் போய் வந்துகொண்டிருந்தது. லெனோர் விவாகரத்துக் கோர்ட்டுக்கு அதைத்தான் உடுத்திப் போனாள். "அந்த ஆள் கடைசியா ஒரு தடவை பார்த்துட்டு வயிறெரியட்டும்" என்று சொல்லிக் கேட்டு வாங்கினாள். அப்புறம் ஒரு நாள், "எனக்கு இனிமே நாடா எட்டாது, உன் வீட்டுலயே இருக்கட்டும்" என்று திருப்பி அனுப்பினாள். அதிலிருந்து அது பெர்னடீனின் அலமாரியில் தொங்கியது.

கணவன் வால்டர் இறந்து மூன்று வருஷம். போன மாதம் பெர்னடீன் சன்னிசைடில் ஒற்றை அறை வீட்டுக்கு மாறியபோது அலமாரியைக் காலி செய்தாள். பச்சைக் கவுனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ஒருத்திக்குக் கை விழுந்துவிட்டது, இன்னொருத்திக்குப் போக இடமில்லை, இனி யார் இதை உடுத்தப் போகிறார்கள் என்று தோன்றியது. க்ரீன்பாயின்டில் பழைய டிசைனர் உடுப்புகள் விற்கும் கடைக்கு மற்றதோடு சேர்த்து அதையும் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலையில் கடை திறக்கும்போதே பெர்னடீன் வாசலில் நின்றாள். கடைக்காரி கிர்ஸ்டன் காதெல்லாம் வளையம் போட்ட பெண்.

"அந்தப் பச்சையா? வந்த வாரமே போயிடுச்சு மேடம். நாடா தையல் விட்டிருந்துச்சு, அதைத் தைச்சு வச்சிருக்கேன். வாங்கினவங்க இன்னிக்கு வந்து எடுத்துட்டுப் போறாங்க."

"நான் அவங்களோட ஒரு வார்த்தை பேசணும்."

"வித்தது வித்ததுதான் மேடம்."

"தெரியும்மா. நான் உட்கார்ந்துக்கறேன், அவ்வளவுதான்."

தொப்பிகளுக்கு நடுவே ஒரு முக்காலி கிடந்தது. அதில் உட்கார்ந்து, என்ன சொல்லலாம் என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மதியம் நெருங்கும்போது ஒரு இளம்பெண் நெஞ்சில் குழந்தையைக் கட்டிக்கொண்டு மூச்சிரைக்க உள்ளே வந்தாள். யஹாய்ரா என்று பெயர். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். பிரசவ விடுப்பில் இருந்தாள். குழந்தையைக் கிர்ஸ்டன் கையில் கொடுத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போனாள்.

"கிர்ஸ்டன், இதை எப்படிக் கட்டறது? நாடா ரெண்டும் ஒரே பக்கம் வருது."

பெர்னடீன் யோசிக்காமல் எழுந்து திரைக்குள் தலையை நீட்டினாள்.

"இடது பக்கத் தையல்ல ஒரு ஓட்டை இருக்கும் பாரு. அது வழியா ஒண்ணை வெளிய எடு. ம், இப்ப பின்னால கொண்டு போ."

யஹாய்ரா கட்டிக்கொண்டு வெளியே வந்து கண்ணாடி முன் நின்றாள். பிள்ளை பெற்ற உடம்பு. மார்பும் இடுப்பும் இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. கவுன் அதை மறைக்கவும் இல்லை, இறுக்கவும் இல்லை. அவள் தன்னையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"பிள்ளை பொறந்ததுலேருந்து இன்னிக்குத்தான் கண்ணாடியில என்னைப் பார்க்கறேன்" என்றாள். "இவ்வளவு நாளும் பால் வண்டியைத்தான் பார்த்தேன்."

குழந்தை அழுதது. அவள் அப்படியே உட்கார்ந்து, மேல் மடிப்பைச் சற்று விலக்கிப் பால் கொடுத்தாள். பெர்னடீன் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் சரிந்துபோயின. கைப்பையை எடுத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள்.

"மேடம், நில்லுங்க. அங்க ஓட்டை இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பெர்னடீன் திரும்பினாள். "அது என்னோடது. பாதி என்னோடது."

பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். லெனோரின் கை, சீமோர், ஒட்டுப்பட்டி உடுப்பு, ஃபோனில் சொன்ன பொய், எதையும் விடவில்லை. யஹாய்ரா பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே கேட்டாள். முகம் இளகியது, ஆனாலும் முடியாது என்று தலையை அசைத்தாள்.

"கஷ்டமாத்தான் இருக்கு மேடம். ஆனா நாளைக்கு என் பையனுக்கு ஞானஸ்நானம். எத்தனை கடை ஏறி இறங்கினேன் தெரியுமா? எதைப் போட்டாலும் ஒண்ணு மூச்சு முட்டுது, இல்லைன்னா பால் குடுக்க மொத்தமா அவுக்கணும். என் மாமியார் சொந்தக்காரங்க அம்பது பேர் முன்னாடி நான் என்னத்தைப் போட்டுட்டு நிப்பேன்?"

"சரிம்மா. நீ சொல்றது நியாயம்தான்."

பெர்னடீன் உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னாள். யஹாய்ராவுக்கு அது இன்னும் சங்கடமாகப் போயிற்று.

"கல்யாணம் எத்தனை மணிக்கு?"

"சாயங்காலம்."

"எங்களுது காலையில."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிர்ஸ்டன் கல்லாவுக்குப் பின்னாலிருந்து, "கோயில் எங்க, கல்யாணம் எங்க?" என்று கேட்டாள். ஜாக்சன் ஹைட்ஸிலிருந்து ஊருக்கு வடக்கே யாங்கர்ஸ் வரை என்றதும், தூரம்தான் என்று உதட்டைப் பிதுக்கினாள்.

"ரமோன்கிட்ட வேன் இருக்கு. என் வீட்டுக்காரர்" என்றாள் யஹாய்ரா. "ஆனா ஒண்ணு. கவுனைத் தனியா அனுப்ப மாட்டேன். நானும் கூட வருவேன். நான் இந்த ஊர்ல பொறந்து வளர்ந்தவ. யாரையும் நம்பறது இல்ல, உங்களையும்தான்."

"நானும் நம்ப மாட்டேன்" என்றாள் பெர்னடீன் நிம்மதியாக.

மறுநாள் கோயிலில் அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பச்சைக் கவுனை இத்தனை தூரத்திலிருந்து, வேறொருத்தி உடம்பில், அவள் பார்த்ததே இல்லை. லெனோர் உடுத்தும்போதுகூடப் பக்கத்தில் நின்று நாடாவை இழுத்துக்கொண்டிருப்பாளே தவிர, இப்படித் தள்ளி நின்று பார்த்ததில்லை. பாதிரியார் தண்ணீரை ஊற்றியதும் குழந்தை அலறியது. யஹாய்ரா அவனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அவன் நன்றிக் கடனாகத் தோளில் பாலைக் கக்கினான்.

பெர்னடீன் எழுந்தேவிட்டாள்.

விருந்து கோயிலின் கீழ்த்தளத்தில். யஹாய்ராவும் பெர்னடீனும் பெண்கள் கழிப்பறையில் நின்று சோடாத் தண்ணீரால் தோள் பக்கத்தைத் துடைத்து, கை உலர்த்தும் மெஷினின் கீழே மாறி மாறி நின்றார்கள். கறை போய்விட்டது, வாடை கொஞ்சம் மிச்சமிருந்தது. அப்புறம் புறப்படலாம் என்றால் மாமியார் வழி மறித்தாள். குண்டு முத்துமாலை போட்ட பெரிய மனுஷி.

"பிள்ளையோட விருந்துக்குப் பிள்ளையும் இல்ல, தாயும் இல்லன்னா ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

"பிள்ளை தூங்கிட்டுத்தானே அத்தை இருக்கான்? இங்க தூங்கினா என்ன, வேன்ல தூங்கினா என்ன?"

"யாரு இந்தக் கிழவி? எங்க கூட்டிட்டுப் போறா?"

யஹாய்ரா ஸ்பானிஷில் வேகமாக என்னவோ சொன்னாள். கை விழுந்தவள், கல்யாணம், எழுபது வயது என்பதெல்லாம் சைகையிலேயே புரிந்தது. மாமியாரின் முகம் மாறியது. உள்ளே போய் ஒரு பெரிய அலுமினியத் தட்டை மூடி எடுத்து வந்து பெர்னடீன் கையில் வைத்தாள்.

"கல்யாண வீட்டுக்கு வெறுங்கையோட போகக் கூடாது. வறுத்த பன்னிக்கறி. நேத்து சாயங்காலத்துலேருந்து மசாலாவுல ஊறினது."

பன்றி தொடாத யூதர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பன்றிக்கறியா என்று பெர்னடீனுக்கு வியர்த்தது. ஆனால் விளக்க நேரமில்லை. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள்.

யாங்கர்ஸில் லெனோர் தன் அறையில் உள்பாவாடையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடியைச் சீவி, உதட்டுச் சாயம் பூசியிருந்தார்கள். வாயின் ஒரு ஓரம் லேசாகக் கீழே இறங்கியிருந்தது.

"கல்யாணம் பண்ணி வைக்கிற ரபை கீழ வந்து உட்கார்ந்திருக்கார். சீமோர் ஆள் மேல ஆள் அனுப்பறார், நான் மனசு மாறிட்டேனான்னு. எங்கடி போனே? இது யாரு?"

பச்சைக் கவுனில் ஒரு பெண் குழந்தையைச் சுமந்துகொண்டு கதவருகே நின்றாள். பெர்னடீனுக்கு வேறு வழியில்லை.

"இது யஹாய்ரா. கவுன் இப்ப இவளோடது. நான் கடையில குடுத்துட்டேன்டி. என்கிட்ட இருக்குன்னு சொன்னது பொய்."

லெனோர் அந்தப் பச்சைத் துணியைப் பார்த்தாள்.

"எப்ப குடுத்தே?"

"போன மாசம். யாரும் இனிமே போடப் போறதில்லன்னு நினைச்சேன்."

"உன் காலம் முடிஞ்சுதுன்னு நீ மூட்டையைக் கட்டிக்கோ, அது உன் இஷ்டம்" என்றாள் லெனோர். "என்னையும் சேர்த்துக் கட்டிட்டியே, பெர்னி."

யஹாய்ரா குழந்தையைக் கட்டிலில் கிடத்திவிட்டு, நாடாவை அவிழ்த்து, பையில் கொண்டுவந்த ரமோனின் பேஸ்பால் சட்டையை மாட்டிக்கொண்டு கவுனை நீட்டினாள். உடம்புச் சூடு இன்னும் அதில் இருந்தது.

"பால் வாடை கொஞ்சம் அடிக்கும்மா. மன்னிச்சுக்கோங்க."

லெனோர் துணியை வலது கையால் வாங்கி முகர்ந்து பார்த்தாள். அவள் கன்னத்தில் ஏதோ நெகிழ்ந்தது.

"பையனா? எத்தனை மாசம்?"

"நாலு."

"நல்ல வாடைதான். கல்யாணத்துக்கு ஆகும்." பெர்னடீனைப் பார்த்தாள். "என்ன நிக்கறே? வா, வந்து மாட்டி விடு. செத்த கையை முதல்ல விடணும், அப்புறம்தான் நல்ல கை. உடற்பயிற்சி ரூம்ல அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க."

விழுந்த பிறகு பெர்னடீன் அந்தக் கையைத் தொட்டதே இல்லை. எத்தனையோ தடவை பார்க்க வந்திருக்கிறாள். பூ, சூப், பத்திரிகை எல்லாம் கொண்டுவந்திருக்கிறாள். எப்போதும் வலது பக்கமாகவே உட்காருவாள். இப்போது குனிந்து இடது கையை எடுத்தாள். நினைத்ததைவிடக் கனமாக, குளிர்ந்து இருந்தது.

"பயப்படாதே, கடிக்காது" என்றாள் லெனோர்.

பெர்னடீன் அதை இரண்டு கைக்குள்ளும் வைத்துக் கொஞ்சம் தேய்த்துச் சூடாக்கினாள். விரல்களை ஒவ்வொன்றாக நீவி, கவுனின் கைக்குள் விட்டு, தோள் வரை இழுத்துவிட்டாள். லெனோர் அவள் தோளைப் பிடித்து எழுந்து நின்றாள். பெர்னடீன் மற்றக் கையையும் விட்டு, துணியை முன்னால் மடித்து, நாடாவை ஓட்டை வழியாக எடுத்துப் பின்னால் சுற்றி வந்தாள். சுற்றி வருவதற்காக அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டியிருந்தது. பிடித்தவள் விடவில்லை.

"நான் உன்னை மூட்டை கட்டலடி" என்றாள் அவள் கழுத்தருகே. "என்னைத்தான் கட்டினேன். நீ எப்படியோ உள்ள மாட்டிக்கிட்டே."

"சரி, அவுத்து விடு. மூச்சு முட்டுது" என்றாள் லெனோர். ஆனால் அவளும் நல்ல கையை எடுக்கவில்லை. யஹாய்ரா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

முடிச்சுப் போடும்போது, "ரொம்ப இறுக்காதே, நான் சாப்பிடணும்" என்றாள் லெனோர்.

கீழ் ஹாலில் நாலு கழிகளின் மேல் வெள்ளைத் துணி விரித்துப் பந்தல் போட்டிருந்தார்கள். சீமோர் ஆட்லர் வாழ்நாளெல்லாம் பிறர் வீட்டுப் பியானோக்களுக்குச் சுருதி சேர்த்தவர். உருளும் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர் கதவைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டார். பக்கத்திலிருந்தவர்கள் பாய்ந்து பிடித்தார்கள். லெனோர் ஒரு பக்கம் கைத்தடியும் ஒரு பக்கம் பெர்னடீனுமாக மெல்ல நடந்து போனாள். கவுனின் கீழ்விளிம்பு நடைக்கு ஏற்ப அசைந்தது. நாற்காலிகளில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள், எழ முடிந்தவர்கள்.

"ஓடிட்டேன்னு நினைச்சீங்களா?" என்று லெனோர் அவரிடம் கேட்டாள்.

"எங்க போவே? உன்னால ஓட முடியாதுன்னு தெரியும்" என்றார் சீமோர். கண்ணெல்லாம் தண்ணீர்.

மந்திரம் முடிந்து, மாப்பிள்ளை மிதித்து உடைக்கும் வழக்கப்படி கண்ணாடிக் குவளையைத் துணியில் சுற்றிக் காலடியில் வைத்தார்கள். சீமோர் மிதித்தார், காலில் வலு இல்லை, குவளை நழுவி ஓரமாக உருண்டது. யாரும் சிரிக்கவில்லை. திரும்ப வைத்தார்கள், திரும்ப நழுவியது. லெனோர் தன் காலை அவர் பாதத்தின் மேல் வைத்தாள். "சேர்ந்து" என்றாள். உடைந்த சத்தம் கேட்டதும் ஹால் முழுக்க வாழ்த்துக் குரல் எழுந்தது. ரமோன் எல்லாரையும்விட உரக்கக் கத்தினான்.

பன்றிக்கறித் தட்டைப் பெர்னடீன் வேனிலேயே ஒளித்து வைத்திருந்தாள். ஆனால் ரமோனுக்கு அது தெரியாது. அவனே கொண்டுவந்து மேஜையில் வைத்துத் திறந்துவிட்டான். ரபை ஒரு பார்வை பார்த்து நாகரிகமாக வேறு மேஜைக்கு நகர்ந்தார். சீமோர் தட்டின் மேல் குனிந்தார்.

"இது என்ன, வாசனை ஆளைத் தூக்குது?"

"கோழி" என்றாள் பெர்னடீன்.

"சரி. கோழின்னா எனக்குக் கொஞ்சம் வை" என்றார் அவர், கண் சிமிட்டாமல்.

புறப்படும் நேரத்தில் லெனோர் யஹாய்ராவைக் கூப்பிட்டாள். "மேல வா, கழட்டித் தர்றேன். உன் பொருள்."

"கல்யாணப் பொண்ணுகிட்டேருந்து உடுப்பை உருவிட்டுப் போனா என் மாமியார் என்னை வீட்டுக்குள்ள விட மாட்டாங்க. அடுத்த ஞாயிறு வர்றேன். சூப் போட்டு வைங்க."

"பிள்ளையையும் கூட்டிட்டு வா" என்றார் சீமோர். "அவனுக்குச் சுருதி சரியா இருக்கான்னு பார்க்கறேன். அழுகை ஒரு அரை ஸ்வரம் ஏறியிருக்கு."

வேனில் பெர்னடீனைக் குழந்தைக்குப் பக்கத்தில் பின் சீட்டில் உட்கார வைத்தார்கள். யஹாய்ரா முன்னால் உட்கார்ந்து, ஏறிய உடனேயே வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனாள். ஆற்றின் மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. குழந்தை பெர்னடீனின் சுண்டுவிரலைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பியது. பல் இல்லாத ஈறு கெட்டியாக அழுந்தியது. பாலத்துக்குத் திரும்ப வேண்டிய இடத்தை ரமோன் கவனிக்காமல் நேராகப் போய்விட்டான். இனி ரொம்ப தூரம் சுற்றித்தான் வர வேண்டும். பெர்னடீன் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். திரும்பச் சொல்லாமல், குழந்தையின் வாயிலிருந்து விரலையும் எடுக்காமல், நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.